அசையக்கூடாத அறை

ஹில்க்கா காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள். சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்காரச் சொன்னால் அவளுக்கு முதுகில் எறும்பு ஊரும். கல்யாணமான முதல் குளிர்காலத்தில் கணவன் எய்னோ அவளை ஏரிக்கு அழைத்துப் போனான். பனிக்கட்டியில் ஒரு துளை போட்டு, முக்காலியில் உட்கார்ந்து தூண்டிலை இறக்கினான். ஆறு மணி நேரம் கழித்து அவன் தலையை நிமிர்த்தியபோது, பெண்டாட்டி பதினோரு துளை போட்டு முடித்துப் பன்னிரண்டாவதற்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் ஒன்றுகூடச் சிக்கவில்லை.

"நீ போட்ட சத்தத்துல மீனெல்லாம் பக்கத்து ஏரிக்குக் குடி போயிருக்கும்" என்றான் எய்னோ. அதற்குப் பிறகு அவளை அவன் மீன் பிடிக்கக் கூப்பிட்டதே இல்லை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். மற்றவர்களை ஆடாமல் அசையாமல் இருக்கச் சொல்லும் வேலை. அதையும் இருபத்தாறு வருடமாகச் செய்துவந்தாள்.

ஆரம்பத்தில் கூப்பியோ நகரத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் தலையில் பசை தடவி மின்வாய்களை ஒட்டினாள். அது அவளுக்குப் பிடித்த காலம். நீளக் காகிதம் ஓடும், பேனா முனைகள் கிறுக்கும், மை தெறிக்கும். அறையில் ஏதாவது ஒன்று நகர்ந்துகொண்டே இருக்கும். பிறகு எய்னோவுக்குத் தலைநகரில் வேலை கிடைத்து ஹெல்சிங்கிக்கு வந்தார்கள். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், மூளையின் காந்தத்தை அளக்கும் இயந்திரத்துக்கு அவளை அனுப்பினார்கள். மூளையில் மின்சாரம் ஓடினால் கூடவே துளியூண்டு காந்தமும் எழும். பூமியின் காந்தத்தை நூறு கோடித் துண்டாக்கி அதில் ஒன்றை எடுத்தால் எவ்வளவோ அவ்வளவு. அதைப் பிடிக்க, கஜானா போன்ற ஓர் அறை. சுவரெல்லாம் அடுக்கடுக்காக உலோகத் தகடு, ஆள் கனத்துக்கு மேல் கனக்கும் கதவு, உள்ளே ஒரு கட்டில், அதன் தலைமாட்டில் ஹீலியம் குடித்துக்கொண்டு உறையும் குளிரில் இருக்கும் பெரிய தலைக்கவசம். அந்தக் கவசத்துக்குள் முன்னூறு காதுகள்.

வேலை செய்கிறவர்கள் அந்த இயந்திரத்துக்கு வைத்திருந்த பெயர் மாமியார். நீங்கள் எதைப் போட்டுக்கொண்டு போனாலும் அதற்குப் பிடிக்காது. பாவாடைக் கொக்கி, பல்லில் அடைத்த உலோகம், கண் மை, தெருவில் போகும் டிராம், மூன்றாம் மாடியில் நின்று கிளம்பும் லிஃப்ட், எல்லாவற்றுக்கும் முகத்தைச் சுளித்துத் திரையில் கோடு போட்டுக் காட்டிவிடும்.

அந்த மார்ச் மாதம் துர்க்குவிலிருந்து ஈரிஸ் என்ற ஒன்பது வயதுப் பெண் வந்தாள். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை அவளுக்குச் சின்னச் சின்ன வலிப்பு வரும். கீழே விழமாட்டாள், வாயில் நுரை தள்ளாது. பேசிக்கொண்டே இருப்பவள் நடு வாக்கியத்தில் அணைந்துபோவாள். பத்து நொடி கழித்து விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். மருந்து ஐந்து மாற்றிப் பார்த்தாயிற்று. வலிப்பின் பொறி இடது பக்கம், பேச்சுக்கு உரிய இடத்துக்குப் பக்கத்தில் எங்கோ இருந்தது. எவ்வளவு பக்கத்தில் என்பதுதான் கேள்வி. கொஞ்சம் தள்ளியிருந்தால் வெட்டி எடுத்துவிடலாம். ஒட்டிக்கொண்டிருந்தால், வெட்டினால் பேச்சு போய்விடும்.

"வெள்ளிக்கிழமை சர்ஜன்கள் கூடுறாங்க" என்றாள் மார்கெத்தா. நரம்பியல் டாக்டர், நின்றபடியே காபி குடிப்பவள். "அதுக்குள்ள படம் வேணும். வியாழக்கிழமை மாமியார ஓவர்ஹாலுக்கு நிறுத்துறாங்க, ஆறு வாரம் கிடையாது. அதுக்கப்புறம் பெரிய வரிசை. இப்ப விட்டா இவளுக்கு அடுத்த முறை இலையுதிர் காலத்துலதான் வரும். அதுவரைக்கும் இந்தத் தலை இப்படியே பொறி பறக்கக் கூடாது, ஹில்க்கா."

"இன்னிக்குச் செவ்வாய்" என்றாள் ஹில்க்கா. "ரெண்டு நாள் இருக்கு. நான் ரெண்டு நாள்ல ஒரு வீட்டுக்கே பெயின்ட் அடிச்சிருக்கேன்."

"அடிச்ச பெயின்ட்ட எய்னோ மறுபடி அடிச்சதாக் கேள்விப்பட்டேன்" என்றான் யோர்மா. அவன் இயற்பியல் படித்தவன், கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்காத ரகம்.

முதல் முயற்சி ஈரிஸைத் தனியாக விட்டு. கதவு மூடியதும் பிள்ளை தலையைத் தூக்கினாள். சொன்னதும் கீழே வைத்தாள். மறுபடி தூக்கினாள். தலை அரை விரல் நகர்ந்தால் போதும், படம் பாழ். மயக்க மருந்து கொடுக்கவும் வழியில்லை. திரையில் வரும் படகு, எலி, காலணி என்று ஒவ்வொன்றின் பெயரையும் அவள் மனதுக்குள் சொல்ல வேண்டும். அரை மணி நேரம் இந்தக் கூத்து நடந்தது.

"அப்பா உள்ள வரட்டும்" என்றாள் ஈரிஸ், மைக்கில். "கதவு சாத்தினா நான் அணைஞ்சு போனது யாருக்கும் தெரியாது."

அதைக் கேட்ட பிறகு வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? யோர்மாவுக்கு வந்தது. கூட ஓர் உடம்பு இருந்தால் தொல்லைதான் என்று முனகினான். ஹில்க்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. தகப்பனை ஆஸ்பத்திரி பைஜாமாவுக்கு மாற்றச் சொன்னாள். அஹ்தி என்று பெயர், நாற்பத்தெட்டு வயது, நாளுக்குப் பத்து வார்த்தைக்கு மேல் செலவழிக்காத மனிதன்.

"உடம்புக்குள்ள எங்கயாவது இரும்பு? தகடு, திருகாணி?"

"இல்ல."

"பல்லுல?"

"பல்லே பாதிதான்."

மோதிரத்தைக் கேட்டாள். மோதிரம் இல்லை, பெண்டாட்டி நாலு வருடம் முன்னால் சுவீடனுக்குப் போய்விட்டாள். ஹில்க்கா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. என்ன தொழில் என்றொரு கேள்வி படிவத்தில் உண்டுதான். ஆனால் அது நோயாளிக்கான படிவம். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு நேராக அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டிருந்தாள். கூட வருகிறவர்களுக்குப் படிவமே கிடையாது.

அஹ்தி கட்டிலுக்கு இடது பக்கம் மர நாற்காலியில் உட்கார்ந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டான். பிள்ளை ஓரளவு அடங்கினாள். திரையில் கோடுகள் ஓடத் தொடங்கியதும் யோர்மா முன்னால் சாய்ந்தான். இடது பக்கத்துக் கோடுகள் அத்தனையும் மெல்ல ஏறி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தன, கொடியில் காயும் துணி காற்றில் ஆடுவது போல.

"என்னது இது?"

ஹில்க்கா ஓடினாள். லிஃப்டை நிறுத்தச் சொன்னாள். ஈரிஸின் பைஜாமாவை மாற்றினாள், தலைமுடியில் கிளிப் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தாள், நகப்பூச்சை அழித்தாள். கோடு அது பாட்டுக்கு ஆடியது. மாலையில் மார்கெத்தா வந்து பார்த்தாள். காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் கோப்பையைக் கீழே வைத்தால் விஷயம் சரியில்லை என்று அர்த்தம்.

"இது மூளைலேர்ந்து வருதுன்னா, இடது பக்கம் பூராவும் பழுது. பொறி ஒரு இடத்துல இல்ல, எல்லா இடத்துலயும் இருக்கு. இதக் கொண்டுபோய்க் காட்டினா சர்ஜன்கள் கத்தியத் தொடமாட்டாங்க."

"வெளிலேர்ந்து வருதுன்னா?"

"அப்ப எங்கேர்ந்துன்னு கண்டுபிடி."

போகும்போது ஹில்க்கா தகப்பனையும் மகளையும் பிடித்து, "ரெண்டு பேரும் ராத்திரி சௌனா நீராவி அறைல உக்காந்து நல்லா வேர்த்து, தலைலேர்ந்து கால் வரைக்கும் தேய்ச்சுக் குளிச்சுட்டு வாங்க. ஒரு தூசி இருக்கக் கூடாது" என்றாள்.

"அது எப்பவும் பண்றதுதானே" என்றான் அஹ்தி. அன்றைக்கு அவன் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

புதன்கிழமை காலை இருவரும் உரித்த கிழங்கு மாதிரிச் சிவந்து வந்து சேர்ந்தார்கள். கட்டில், கவசம், கை கோத்தல், கதவு. கோடு நேற்றைப் போலவே ஆடியது. யோர்மா பெருமூச்சு விட்டான். "மூளைதான், ஹில்க்கா. எனக்கும் பிடிக்கல. ஆனா மூளைதான்."

ஹில்க்காவால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. காரணம் ஒன்றும் இல்லை, பிடிவாதம்தான். நாற்காலியிலிருந்து எழுந்து நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள், கையில் இருந்த பேனாவால் மேசையைத் தட்டினாள். தட்டத் தட்ட, தன் கை அந்தக் கோட்டோடு சேர்ந்து தட்டுவதைக் கவனித்தாள். நிமிடத்துக்குப் பன்னிரண்டு. கேமராவில் பிள்ளையைப் பார்த்தாள். போர்வை ஏறி இறங்குவதை எண்ணினாள். இருபத்திரண்டு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அதே கேமராவில், நாற்காலியில், ஓர் அகன்ற மார்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

மைக்கை அமுக்கினாள். "அஹ்தி, கொஞ்சம் மூச்சப் பிடி."

கோடு நின்றது.

"விடு."

கோடு ஆடியது.

யோர்மா வாயைப் பிளந்தான். ஹில்க்கா கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், "நீ என்ன வேலை பாக்குற?" என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. அவன் புறங்கையில் அரிசி அரிசியாய்த் தீப்பொறி பட்ட வடுக்கள். நேற்று முழுதும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெல்டர். கப்பல் தளத்துல. பதினாறு வயசுலேர்ந்து."

"கப்பல் தொட்டிக்குள்ள இறங்கியா?"

"கப்பலோட அடிவயிறு. பெரும்பாலும்."

முப்பத்திரண்டு வருடப் புகை. தோலில் ஒட்டியதைச் சௌனா கழுவும். மார்புக்குள் போய்ப் படிந்த இரும்புத் தூளை எந்தத் தண்ணீர் கழுவும்? அவன் மூச்சு இழுக்கும்போதெல்லாம் அந்த இரும்பு எழுந்தது, விடும்போதெல்லாம் இறங்கியது. மாமியார் அதைக் கேட்டு மகளின் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தாள். ஹில்க்காவுக்கு வெட்கமாக இருந்தது. ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்காமல் விட்டு ஒரு நாளைத் தொலைத்திருந்தாள், ஒரு பிள்ளையின் மூளையைப் பாதி பழுது என்று சொல்ல வைத்திருந்தாள். தாழ்வாரத்துக்கு அஹ்தியை அழைத்துப் போய் எல்லாவற்றையும் சுற்றிவளைக்காமல் சொன்னாள். சுற்றிவளைத்துப் பேசுவதற்குப் பேர்போன சாவோ சீமையில் பிறந்த அவள் ஒரு விஷயத்தை நேராகச் சொல்வது வருடத்துக்கு ஒருமுறை நடந்தால் அதிகம்.

அஹ்தி சுவரைப் பார்த்தான். "அப்ப நான்தான் அவ படத்தக் கெடுத்தேனா?"

"கேக்காம விட்டது நான். தப்பு என்னோடது. அப்புறம் அந்த மார்ப நீ டாக்டர்கிட்டக் காட்டணும்."

"அது இருக்கட்டும். இப்ப நான் வெளில நிக்கணும். அவ்வளவுதானே?"

அவ்வளவாக இருந்தால் தேவலையே. வெளியே நின்றான். ஈரிஸ் தலையைத் தூக்கினாள், திருப்பினாள், அழுதாள். அழுத கண்ணீருக்கும் கோடு ஆடியது. நாற்காலியைக் கால்மாட்டுக்குத் தள்ளி, கைக்குப் பதில் பாதத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தார்கள். ஆட்டம் குறைந்தது, போகவில்லை. ஆடியதும் சரியாக அவர்களுக்கு வேண்டிய இடத்தில். யோர்மா அந்த ஆட்டத்தை மட்டும் கணக்குப் போட்டுக் கழித்துப் பார்த்தான். பேச்சின் சுவடும் சேர்ந்து கழிந்தது. கடைசியில் ஹில்க்காவே உள்ளே போய் உட்கார்ந்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"ஹில்க்கா, உன் கால் ஆடிட்டே இருக்கு" என்றாள் ஈரிஸ். "நீ வெளில போ. எனக்குச் சிரிப்பு வருது."

மணி ஒன்று. யோர்மா காதைச் சொறிந்தான். அப்போது அஹ்தி கேட்டான்: "மூச்சப் பிடிச்சா கோடு நின்னுச்சுல்ல?"

"நின்னுச்சு."

"எவ்வளவு நேரம் வேணும்?"

"நாற்பது நொடிக்கு ஒரு கட்டு படம்" என்றான் யோர்மா. "அப்படி இருபத்து நாலு கட்டு. நடுவுல நிறுத்தி நிறுத்திச் செய்யலாம். ஆனா மனுஷன் எப்படி..."

"தொட்டிக்குள்ள புகை மண்டினா மூச்சப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஏணி ஏறுவோம்" என்றான் அஹ்தி. "போடு."

ஹில்க்கா ஈரிஸிடம் போய்க் குனிந்தாள். "உன் அப்பா உள்ள வர்றார். நீ படத்துக்குப் பேர் சொல்லு. அவர் சும்மா ஒரு விளையாட்டு விளையாடுவார், நீ கண்டுக்காத." பிள்ளை அவளையும் பார்த்தாள், அப்பாவையும் பார்த்தாள். சரி என்றாள்.

கதவு மூடியது. ஹில்க்கா மைக்கை அமுக்கினாள். "பிடி."

கோடுகள் நேராயின. படகு, எலி, காலணி, வாளி, ஆந்தை. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. "விடு." ஒரு நிமிடம் ஓய்வு. "பிடி."

முதல் ஆறு கட்டு ஏணி ஏறுவது போல் போயிற்று. பத்தாவதில் அஹ்தியின் கழுத்து நரம்பு புடைத்தது. ஹில்க்கா மேசையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நின்றாள். தன்னை அறியாமல் அவளும் மூச்சைப் பிடித்து, முப்பதாவது நொடியில் தோற்றுத் தோற்று விட்டுக்கொண்டிருந்தாள். பதினாலு. பதினைந்து. பதினேழில் இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை, அடியிலிருந்து கிளம்பும் இருமல்; நாற்காலியில் அவன் இரண்டாக மடிந்தான். திரையில் கோடுகளெல்லாம் சிதறின.

மார்கெத்தா வந்து பின்னால் நின்றிருந்தாள். "போதும் நிறுத்து. உதடு நீலமாயிடுச்சு பாரு. ஒரு நோயாளிக்காக இன்னொரு நோயாளிய உண்டாக்குறதா?"

"இருபத்தொண்ணு இருந்தா ஒப்பேத்தலாம்" என்றான் யோர்மா, யாரையும் பார்க்காமல்.

ஹில்க்கா மைக்கை அமுக்கினாள். "அஹ்தி. நிறுத்திக்கலாம். கேக்குதா? இதுவரைக்கும் எடுத்ததே..."

ஸ்பீக்கரில் கரகரப்பாகக் குரல் வந்தது. "அந்தக் கட்ட மறுபடி போடு."

அவளுக்கு அவன்மேல் கோபம் வந்தது. கப்பல் கட்டுகிறவர்கள்மேல், படிவம் அச்சடிக்கிறவர்கள்மேல், தன்மேல், எல்லார்மேலும் வந்தது. மூன்று நிமிடம் ஓய்வு கொடுத்தாள். பிறகு "பிடி" என்றாள். பதினேழு. பதினெட்டு. ஒவ்வொரு கட்டுக்கும் ஓய்வு நீண்டது. இருபத்தொன்று முடிந்ததும் யோர்மா போதும் என்று கை காட்டினான். அவள் அதைச் சொன்னாள். அஹ்தி கேமராவைப் பார்த்து விரலை நீட்டினான்: இன்னும் மூன்று. மூன்றையும் முடித்தான்.

வெளியே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டான். "தெளிவா வந்திருக்கா?"

"வந்திருக்கு" என்றான் யோர்மா. பிறகு திரையைத் தட்டிக் காட்டினான். "இன்னொண்ணு பாத்தியா, ஹில்க்கா? காலைல மீன் மாதிரித் துள்ளினவ, இந்த இருபத்து நாலு கட்டுலயும் ஒரு மில்லிமீட்டர்கூடத் தலைய நகத்தல. இருமல் வந்தப்பக்கூட. பெரியவங்களே இப்படிப் படுத்து நான் பாத்ததில்ல."

ஹில்க்காவுக்கும் அது விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சர்ஜன்கள் கூடினார்கள். படத்தில் பேச்சு ஓர் இடத்தில், பொறி வேறோர் இடத்தில். நடுவில் இரண்டு சென்டிமீட்டர். மூளைக்கு அது ஒரு மைதானம். கத்தி போடலாம் என்றார்கள். மார்கெத்தா அடித்தளத்துக்கே இறங்கி வந்து சொன்னாள், காபி இல்லாமல், வெறுங்கையோடு.

அறுவைக்கு முந்தின நாள் தகப்பனும் மகளும் மறுபடி வந்தார்கள். அஹ்தி மார்பு டாக்டரிடம் போகமாட்டேன் என்று மூன்று நாளாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தவன். ஹில்க்கா அவன் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எக்ஸ்ரே வரிசையில் உட்கார வைத்துவிட்டு வந்தாள். ஈரிஸை ஊழியர்களின் காபி அறைக்கு அழைத்துப் போய், ஏலக்காய் மணக்கும் ஒரு சுருள் ரொட்டியை முன்னால் வைத்தாள். பிள்ளை அதை வெளிச்சுற்றிலிருந்து பிரித்துப் பிரித்துத் தின்றாள்.

"ஈரிஸ், ஒண்ணு கேக்கணும். அன்னிக்குக் காலைல அந்தத் துள்ளுத் துள்ளின. அப்புறம் எப்படிக் கல்லு மாதிரிக் கிடந்த?"

"அப்பா விளையாடலன்னு எனக்குத் தெரியும்" என்றாள் ஈரிஸ். "கை ஜில்லுன்னு ஆயிட்டே இருந்துச்சு. நான் அசைஞ்சிருந்தா..."

அணைந்துபோனாள். ரொட்டித் துண்டு விரலில் இருந்தது, கண் எங்கோ நிலைத்தது. ஹில்க்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எட்டு, ஒன்பது, பத்து.

"...அப்பா அந்தத் தடவைய முதல்லேர்ந்து பிடிக்கணும்ல" என்றாள் ஈரிஸ்.

ஹில்க்கா அவள் மணிக்கட்டை விட்டாள். தன் ரொட்டியையும் அவள் தட்டில் வைத்தாள். பிள்ளை அதையும் பிரிக்கத் தொடங்கினாள்.

"அப்பா எங்க?"

"மேல. எக்ஸ்ரே எடுக்கறாங்க."

"மூச்சப் பிடிக்கச் சொல்வாங்களா?"

"சொல்வாங்க" என்றாள் ஹில்க்கா. "ஒரே ஒரு தடவை."